சாயம் அடித்து முடித்த மறுநாள் விழுந்த இ.எல்.சி.பி.

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அம்மா இருக்கும் வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு பழைய தெருவீடு. எண்பதுகளில் கட்டியது. 2025 தீபாவளி அக்டோபர் 20. அதற்கு மூன்று வாரம் முன்னால் இரண்டு பையன்களைப் பிடித்து வீட்டுக்குச் சாயம் அடிக்கச் சொன்னேன். ஹால், முன்னறை, பின்னறை, அடுப்படி. வேலையை ஆரம்பிக்கும்போது நான்தான் பெரிய மேஸ்திரி மாதிரி, "பிளக் பாயிண்ட் பிளேட்டையெல்லாம் கழட்டிட்டு அடிங்க, ஓரம் சுத்தமா வரும்" என்று சொல்லிவிட்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போனேன். இந்தப் பதிவில் வரும் பாதித் தொல்லைக்கு அந்த ஒரு வரிதான் காரணம். மெயினை (வீட்டு மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் சுவிட்சை) அடைத்துவிட்டுக் கழட்டுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஹாலில் சொன்னபடி கழட்டி அடித்தார்கள். கடைசி நாள் மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று பின்னறையிலும் அடுப்படியிலும் கழட்டவில்லை. மாஸ்கிங் டேப்பும் ஒட்டவில்லை. ரோலர் அப்படியே ஓடியிருக்கிறது. ஹால் வாசலுக்கு மேலிருந்த டிபி பாக்ஸ் (வீட்டு மின்சாரம் பிரியும் சுவிட்சுப் பெட்டி) மூடிக்கும் போனால் போகிறதென்று இரண்டு கோட்டு.

ஞாயிறு சாயங்காலம் வானம் இருட்டி, இரண்டு இடி. டப்பென்று வீடு முழுக்க இருட்டு. இ.எல்.சி.பி., அதாவது எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து வீட்டையே அணைத்துவிடும் சுவிட்சு, விழுந்திருந்தது. (பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று போட்டிருந்தாலும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது இ.எல்.சி.பி.தான்.) "இடிக்கு விழுந்திருக்கும், தூக்கி விடு" என்றார் அம்மா. பேராவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தூக்கினேன், நின்றது. அம்மா கோப்பி கலக்கக் கெட்டிலைப் போட்டார். தண்ணீர் சூடேறுவதற்குள் மறுபடி டப்.

கெட்டில்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். தப்பான முடிவு என்றாலும் முட்டாள்தனமான முடிவு இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பிச்சுருள் பழசானால் கசியும், இ.எல்.சி.பி. விழும். மறுநாள் டவுனில் 65 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுக் கெட்டில் வாங்கி வந்தேன். அதற்கும் விழுந்தது. சரி, அடுப்படி பாயிண்டில் கோளாறு என்று முன்னறையில் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் விழுந்தது. விளக்கு, காத்தாடி, டிவி மட்டும் ஓடினால் மணிக்கணக்காக நிற்கிறது. கனமான சாமான் எதைப் போட்டாலும், எந்த அறையில் போட்டாலும், அரை நிமிஷத்தில் விழுகிறது.

அன்று ராத்திரி எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக இருக்கும் பிரேக்கர் சுவிட்சு) இறக்கி, இ.எல்.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். எல்லாரும் சொல்லித்தரும் வழி இதுதான். எந்த எம்.சி.பி.யைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. ஆனால் எதைத் தூக்கினாலும் விழவில்லை. அடுப்படியை மட்டும் தூக்கிக் கெட்டில் போட்டால் விழுகிறது. அடுப்படியை இறக்கிவிட்டு முன்னறையை மட்டும் தூக்கி அயர்ன் பாக்ஸ் போட்டாலும் விழுகிறது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் வீடு முழுக்கவே குற்றவாளி.

இதில் இன்னொரு கொடுமை, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்பதே தெரியவில்லை. மூடியில் ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் நேராக அப்பா மார்க்கர் பேனாவில் எழுதி வைத்திருந்தார். அப்பா போய் ஐந்து வருஷமாகிறது. அந்த எழுத்துக்கு மேல் பளபளவென்று வெள்ளைச் சாயம். சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் 'அடு' என்று இரண்டு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வயரிங்கைத் தொட நம் நாட்டில் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும், அது அவரிடம் இருக்கிறது. உள்ளே வந்ததும் டிபி பாக்ஸைக்கூடப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"சாயம் அடிச்சீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, தீபாவளிக்கு."

"பிளேட்டைக் கழட்டினாங்களா?"

"ஹால்ல மட்டும்."

"அப்ப ஹால்லதான் இருக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹால் எம்.சி.பி.யை இறக்கி வைத்தாலும் விழுகிறதே என்றேன். அவர் உட்கார்ந்து அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "இ.எல்.சி.பி. தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி மாதிரி. சிவப்பு வயர்ல எவ்வளவு போச்சு, கறுப்பு வயர்ல எவ்வளவு திரும்பி வந்துச்சு. ரெண்டும் சரியா இருக்கணும். கொஞ்சம் குறைஞ்சாலும் கடையைச் சாத்திடுவான். எங்க குறைஞ்சுதுன்னு கேக்க மாட்டான். உங்க எம்.சி.பி. வெட்டுறது சிவப்பை மட்டும்தான். கறுப்பெல்லாம் ஒண்ணா ஒரே பார்ல மாட்டியிருக்கும், அதை யாரும் வெட்டறதில்ல."

அதாவது இப்படி. ஹாலில் எங்கேயோ கறுப்பு வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஹால் எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தத் தொடுகை விலகாது. வீட்டில் வேறு எங்கோ கெட்டில் ஓடும்போது திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, கறுப்பு வயர் வழியாகப் போகாமல் ஹாலில் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த் வழியாக, வீட்டோரம் மண்ணில் அடித்திருக்கும் கம்பிக்குள் இறங்கிவிடும். கிராணி கணக்கில் இடிக்கும். லோடு சின்னதாக இருந்தால் அந்தப் பங்கும் சின்னது, அதனால் விளக்குக்கும் காத்தாடிக்கும் விழவில்லை. 2000 வாட் கெட்டிலுக்கு விழுந்தது. எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் வழி இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 65 வெள்ளிக்கு வாங்கிய பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டில் நன்றாகத்தான் கொதிக்கிறது.

மெயினை அடைத்தார். டெஸ்ட் பென்னை முதலில் எரிகிற பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று மெயினை அடைப்பதற்கு முன்பே பார்த்திருந்தார். அடைத்த பிறகு அதே பாயிண்டில் மறுபடி. பென் எரியவில்லை என்பதை மட்டும் அவர் நம்பவில்லை, மீட்டரையும் வைத்துப் பார்த்தார். "பென்னுக்குப் பல்பு போனாலும் எரியாது தம்பி" என்றார். பிறகு வீட்டில் சொருகியிருந்ததையெல்லாம் பிடுங்கச் சொல்லி, பெட்டிக்குள் கறுப்பு வயர்களை பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழட்டி, மெகர் மீட்டரை வைத்தார். வயரின் தோல் எங்காவது கசிகிறதா என்று 500 வோல்ட்டில் அழுத்திப் பார்க்கும் கருவி அது. கறுப்புக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டவேண்டும். முதல் மூன்று வயருக்கும் முள் எங்கேயோ உயரத்தில் நின்றது. நாலாவதுக்குப் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

ஹாலில் மூன்று பாயிண்ட். இரண்டாவதில், டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்ததில், பிடித்தோம். பிளேட்டை இழுத்ததும் அவர் திருகாணியைக் கையில் வைத்து எனக்குக் காட்டினார். இரும்புப் பெட்டிக்கு வரும் திருகாணி 3.5 மில்லிமீட்டர், முனை மழுங்கி இருக்கும். இது அது இல்லை. பலகைக்கு அடிக்கும் கூர்முனைத் திருகாணி, இரண்டு மடங்கு நீளம். ஒன்று தொலைந்துபோயிருக்கிறது, பையன் தன் டப்பாவில் இருந்ததைப் போட்டுத் திருகியிருக்கிறான். அது பெட்டியின் காதைத் தாண்டி உள்ளே போய், பின்னால் சுருண்டு கிடந்த கறுப்பு வயரின் தோலைக் கிழித்திருக்கிறது. கிழிந்த இடத்தில் செம்பு ஒரு நூலளவு தெரிந்தது. பெட்டி எர்த் ஆனது, திருகாணி பெட்டியைத் தொடுகிறது, வேலை முடிந்தது.

சிவப்பு வயர் இரண்டு விரல் தள்ளி இருந்தது. அது கிழிந்திருந்தால் இ.எல்.சி.பி. உடனே விழுந்திருக்கும், கண்டுபிடிக்கவும் சுலபம் என்றார். இ.எல்.சி.பி. வேலை செய்யாத வீடாக இருந்தால் அந்தத் திருகாணித் தலையே மின்சாரமாகி நின்றிருக்கும் என்பதையும் அதே குரலில் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. "கழட்டுறப்ப காத்தாடி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரேடியோவும் பாடிக்கிட்டே இருந்துச்சு." அந்தப் பையன்கள் மெயினை அடைக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. பிளேட்டிலேயே இருக்கும் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். சுவிட்சு அணைந்திருந்தாலும் அதற்குப் பின்னால் சிவப்பு வயர் வந்து சேரும் திருகில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பழைய ஆட்கள் இன்னும் 240 என்பார்கள், கைக்கு வித்தியாசம் தெரியாது.

வயரைக் கிழிந்த இடத்துக்கு முன்னால் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டி, சரியான திருகாணி போட்டார். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டோம். கிராணி கண்ணைத் திறக்கவில்லை.

அதோடு அவரை அனுப்பியிருக்கலாம். வந்தவர் வந்துவிட்டார், மொத்தம் பதினாலு பாயிண்டையும் பார்த்துவிடுங்கள் என்றேன். மெயினை மறுபடி அடைத்துவிட்டுக் கழட்டும் வேலையை நான் செய்தேன், பார்க்கும் வேலையை அவர் செய்தார்.

அடுப்படியில் கெட்டில் சொருகும் பாயிண்ட் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற பிளேட்டெல்லாம் வருஷத்தில் மஞ்சளேறிக் கிடக்க, இது மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளை? நகத்தால் சுரண்டினேன். சாயம் சுருள் சுருளாக வந்தது. அடியில், முன்னாலிருந்து பார்த்தால் வலது ஓட்டையைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் ஐந்து காசு அளவுக்கு ஒரு தழும்பு. வலது ஓட்டை லைவ், சிவப்பு வயர் வந்து சேரும் ஓட்டை. பிறகு போன் பண்ணிக் கேட்டதற்குப் பையன், "கறையா இருந்துச்சேன்னு நாந்தாண்ணே அடிச்சு விட்டேன்" என்றான். நல்ல மனசுதான். அந்தக் கறை வருஷக்கணக்காக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் வாயை அடைத்துவிட்டான். அம்மாவிடம் கேட்டேன். "அது ரொம்ப நாளா இருக்குப்பா. கெட்டில் பிளக் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்."

உள்ளே சிவப்பு வயரில் ஏழு இழைச் செம்பு. திருகுக்கு அடியில் நாலு இழைதான் பிடிபட்டிருந்தது, மூன்று வெளியே விரிந்து கறுத்துப்போயிருந்தது. திருகு கையாலேயே சுற்றியது. வயரின் தோல் விரல்விட்டு மடக்கியதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. 2000 வாட் கெட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். இப்படித் தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே 15 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் உட்காரும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகி, கோப்பி போடும்போதெல்லாம் ஆன் பண்ணுவதற்குச் சமம். இதற்கு எம்.சி.பி. விழாது, இழுப்பது 20 ஆம்பியருக்குள்தானே. இ.எல்.சி.பி.யும் விழாது, எதுவும் கசியவில்லை. இரண்டு காவல்காரனுக்கும் தெரியாமல் எரியக்கூடிய கோளாறு இது. வெளியே காட்டுவது நிறமும் சூடும் வாடையும் மட்டும். அதனால்தான் பிளேட்டுக்கு மேல் சாயம் அடிப்பது எனக்கு இப்போது அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியவில்லை.

பின்னறை பாயிண்டில் கோளாறு வேறு மாதிரி. நம் மூன்று முனை பாயிண்டில் கீழ் இரண்டு ஓட்டைகளுக்கும் உள்ளே ஒரு ஷட்டர் உண்டு. பிளக்கின் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம், அது முதலில் மேல் ஓட்டைக்குள் போய் ஷட்டரைத் தள்ளித் திறக்கும். பி.எஸ். 1363 என்ற பிரிட்டிஷ் முறை இது. குழந்தை கம்பியோ ஹேர்ப்பின்னோ விடமுடியாமல் செய்வது அந்த ஷட்டர்தான். பின்னறையில் யாரோ பேனாவைக் குத்தி ஷட்டரைத் திறந்து இரண்டு முனை சார்ஜரைச் சொருகி வைத்திருந்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். நம் ஊரில் இதைச் செய்யாத வீடு ஏது. சாயம் அடிக்கும்போது சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஷட்டர் சரியாக மூடாமல் நின்றிருக்கிறது, ரோலரிலிருந்து சாயம் ஒழுகி உள்ளே போய்க் காய்ந்துவிட்டது. ஷட்டர் பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்தால் பித்தளை பளிச்சென்று தெரிந்தது, அதன் ஓரத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. தீபாவளிக்கு வரப்போகும் தங்கை மகளுக்கு ஒன்றரை வயது. பாயிண்ட் இருந்தது முழங்கால் உயரத்தில்.

இதைச் சுத்தம் பண்ணமுடியுமா என்று கேட்டேன். தின்னர் ஊற்றித் துடைக்கலாமே என்று பக்கத்து வீட்டு மாமா வேறு யோசனை சொன்னார். வேண்டாம். தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கும், வெடிக்க வைக்கும், அதன் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோவில் மேல் மூடியைத் தனியாகக் கழட்டிக் கழுவுவார்கள். அவர்களுடையதில் மூடி தனி, சாக்கெட் தனி. நம்முடையதில் முகமும் ஷட்டரும் பித்தளையும் ஒரே துண்டு. மேல் பரப்பில் பட்ட சாயமென்றால் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் கார்டாலோ சுரண்டிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஓட்டைக்குள் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதுதான். சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டுவில்லை உள்ள சுவிட்சு சாக்கெட் ஹார்ட்வேர் கடையில் பத்து வெள்ளி சொச்சம். இரண்டு வாங்கினேன், அடுப்படிக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று.

முன்னறையில் இன்னொரு பாயிண்டில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். சுவிட்சை அணைத்தாலும் அதில் சொருகிய விளக்கின் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். அரை நிமிஷத்தில் மாற்றினார்.

எல்லாம் மாட்டிய பிறகு மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டரை பதினாலிலும் சொருகிப் பார்த்தேன். அதை முழுசாக நம்பக்கூடாது என்பதையும் அண்ணன் சொல்லிவிட்டார். சிவப்பு கறுப்பு மாறியிருந்தால், எர்த் இல்லாவிட்டால் காட்டும். கறுப்பும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் காட்டாது. அடுப்படியில் பார்த்த மாதிரி தளர்ந்த திருகையும் காட்டாது, அந்தப் பாயிண்டில் பழைய சாக்கெட் இருந்தபோது சொருகியிருந்தாலும் எல்லாம் சரி என்றே சமர்த்தாகக் காட்டியிருக்கும். அதற்கு நான் வைத்துக்கொண்ட வழி, கெட்டில் கொதித்து முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி அதன் முகத்தை விரலால் தொட்டுப் பார்ப்பது. வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கவைக்கும் சூடு என்றால் அந்தப் பாயிண்டை அன்றே நிறுத்திவிடுவது.

போகும் முன் இ.எல்.சி.பி.யில் எழுதியிருந்ததைக் காட்டினார். 0.1 ஆம்பியர். கசிவு நூறு மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழவேண்டும். வீட்டு மொத்தத்துக்கு அது போதும் என்று வைத்த பழைய கணக்கு. கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்கள் ஓடும் பாயிண்டுகளுக்கு 0.03, குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 0.01 என்று போடுவதுதான் இப்போது முறை. பாயிண்டுகளுக்கு மட்டும் தனியாக 0.03 ஒன்று போடச் சொல்லிவிட்டேன். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. அதன் ஓரத்திலும் சாயம். மூடியைக் கழட்டிச் சுரண்டியெடுத்த பிறகு அழுத்தினால் டப்பென்று விழுந்தது. மாதம் ஒருமுறை அழுத்து என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்தவர், ராத்திரி பத்து மணிக்கு ஆலை இன்ஜினை நிறுத்தினால் லயம் முழுக்க இருட்டாகிவிடும் காலம். "அப்பல்லாம் பட்டன் எதுவும் அமுக்கல, தானாவே போயிரும்" என்றார்.

அடுத்த முறை சாயம் அடிக்க ஆள் வந்தால் நான் வீட்டில் இருப்பேன். காலையில் மெயினை நானே அடைத்து, பாயிண்டுகளைக் கழட்டாமல் திருகாணியை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, பிளேட்டின் முகம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ரோலரைக் கையில் கொடுப்பேன். தண்ணீர்ச் சாயம் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே காய்ந்து டேப்பைப் பிரித்து, கழட்டிய அதே திருகாணியைத் திருகிய பிறகுதான் மெயின். காத்தாடி இல்லாமல் வேர்க்கும். ரேடியோவுக்கு பேட்டரி போட்டுக்கொள்ளட்டும்.

டிபி பாக்ஸ் மூடிக்குப் புதுப் பெயர்கள் எழுதவேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்க, அம்மா வீட்டுக்குள் நடந்து எது அணைந்தது என்று குரல் கொடுத்தார். ஹால் பிளக், ஹால் விளக்கு, அடுப்படி, முன்னறை, பின்னறை, குளியலறை. ஏழாவதை இறக்கினேன். "எதுவும் அணையலையே" என்று உள்ளேயிருந்து சத்தம். தூக்கி, மறுபடி இறக்கினேன். எதுவும் அணையவில்லை. "கொல்லையில முன்னாடி அப்பா பம்பு வச்சிருந்தாரு, அதுக்கா இருக்கும்" என்றார். பம்பை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. வயர் மண்ணுக்குள் எங்கே முடிகிறதென்று தெரியாது. ஏழாவதை இறக்கியே வைத்து, டேப் ஒட்டி, மேலே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சனிக்கிழமை அண்ணன் 0.03 மாட்ட வரும்போது கொல்லையைத் தோண்டிப் பார்க்கவேண்டும்.